ஒன்று, இரண்டு, நான்கு

அந்தச் சபையில் மூன்றாவது சரணத்தை யாரும் பாடியதில்லை. தடையெல்லாம் ஒன்றும் கிடையாது, பழகிவிட்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் செயலாளர் அம்மா எழுந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டின் எண்ணைச் சொல்லி, "ஒன்று, இரண்டு, நான்கு" என்பாள். எப்போதோ ஒரு காலத்தில் ஆராதனை நீண்டு, யார் வீட்டு அடுப்பிலோ எதுவோ கருகியிருக்க வேண்டும். அன்றைக்கு விட்டது, விட்டதுதான். முதல் சரணத்தில் கடவுளைப் புகழ்வார்கள். இரண்டாவதில் நன்றி சொல்வார்கள். நான்காவதில் நேராக மோட்சத்தில் போய் இறங்கிவிடுவார்கள். நடுவில் எந்த வழியாகப் போனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

டமாரத்துக்கு மட்டும் அந்த வழி தெரியும்.

டமாரம் என்பது அவளுக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர். கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டே இருந்ததால் வந்தது. மற்றபடி அவள் வாயில்லாப் பூச்சி. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பகலில் பல் லேபில் வேலை. மற்றவர்களின் வாய்க்குப் பல் செட் செய்து கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் டிரம்ஸ். பிரசங்கம் நீளும்போது டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது சரணங்களாகத் தேடிப் படிப்பாள். மற்ற சரணங்களில் எழுதினவர் நல்ல உடை உடுத்தி, தலைசீவி, விருந்தாளி முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மூன்றாவதில்தான் அவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருக்கும். பயப்படுவார். யாரும் பதில் சொல்லவில்லையே என்று அழுவார். அப்புறம் நான்காவதில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். அந்த முகம் கழுவாத மனிதர்களை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் யாராவது வந்து, "இன்னைக்கு டிரம்ஸ் சத்தமே கேக்கல, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று பாராட்டுவார்கள். அவளும் "தேங்க்ஸ்" என்பாள். அந்த தேங்க்ஸைச் சொன்ன பிறகு வீடு போய்ச் சேரும்வரை நாக்கில் பிளாஸ்டர் தூள் ஒட்டியிருப்பது போல இருக்கும். இவ்வளவு நாள் வாசித்ததில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்ததுதான் சாதனையா என்று ஒரு கேள்வி வரும். உடனே, பெரிய ஆள்தான் நீ என்று தன்னையே அடக்கிக்கொள்வாள். தன்னை அடக்குவதில் அவளுக்கு வெளியாள் உதவி தேவைப்பட்டதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சபைக்குள்தான் ஜாஸ் வந்தது.

கொண்டுவந்தவர் மாஸ்டர். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். சபையில் பாடகர் குழுத் தலைவர். மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தவரை, மகன் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே யாரோ ஜாஸ் வாசித்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது மாஸ்டர் தலையில் ஒரு தொப்பி இருந்தது. பழைய பாமாலைகளை ஜாஸ் நடையில் போட்டு ஒரு கச்சேரி நடத்த வேண்டும் என்றார்.

கமிட்டி கூடியது. டிரம்ஸ் பற்றியும் பேச்சு வரும் என்பதால் டமாரத்தையும் ஓர் ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

"ஜாஸுன்னா என்ன மாஸ்டர்?" என்று போதகர் கேட்டார்.

"அது சொல்லிக் குடுக்க வராதுங்கய்யா. உள்ளேருந்து வரணும்."

"வந்துட்டா நிறுத்த முடியுமா?"

மாஸ்டர் யோசித்தார். "என் கையில ஒரு சைகை இருக்குங்கய்யா."

"நடுவுல டூபாடூன்னு பாடிக் காட்டுனீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் கிடையாதுங்க. சும்மா."

"அர்த்தமில்லாதத சபையில எப்படிப் பாடுறது?"

அர்த்தம் உள்ளதையே கால் பங்கு விட்டுவிட்டுத்தானே பாடுகிறோம் என்று டமாரத்துக்குத் தோன்றியது. தோன்றியதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பேசி, ஒரு பாட்டுக்கு மூன்று டூபாடூ வரை பாடலாம் என்று முடிவானது. தொப்பி பாட்டு நேரத்தில் இருக்கலாம், ஜெப நேரத்தில் கழற்ற வேண்டும். ரசிப்பவர்கள் தலையை ஆட்டலாம், தோளை ஆட்டக் கூடாது. கால்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கால் தாளம் போட ஆரம்பித்தால் சபை எங்கே போய் முடியும் என்று போதகருக்குக் கவலை. கால் தரையில் பதிந்தே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

"பெரிய டிரம்ம காலாலதான் அடிக்கணும்," என்றாள் டமாரம். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம்.

"நீங்கதான் பெட்டிக்குள்ள இருப்பீங்களே அண்ணி, உங்க கால யாரு பாக்கப்போறா?" என்றாள் செயலாளர் அம்மா. அவள் வேறு யாருமில்லை, டமாரத்தின் கணவனுடைய தங்கைதான். சபையில் நாத்தனார் கைக்கு வராத சாவி கிடையாது.

பெட்டி என்றால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளால் டிரம்ஸைச் சுற்றிப் போட்ட மறைப்பு. சத்தம் வெளியே போகாமல் இருக்க. மீன்தொட்டி செய்பவர் ஒருவர் சபையில் இருந்ததால் அவரே செய்து கொடுத்தார். தகடு ஒட்டிய இடத்தில் பச்சை நிறமும் கொஞ்சம் வந்துவிட்டது. பெட்டிக்குள் டிரம்ஸ் மேல் துண்டு. கத்திரிப்பூ நிறத்தில் புதுத் துண்டு, நாத்தனார் வாங்கியது. குச்சிக்குப் பதில், கம்பியால் செய்த துடைப்பம் மாதிரி இருக்கும் பிரஷ். உள்ளே ஒரு மைக்கும் வைத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகு மைக் எதற்கு என்று டமாரம் கேட்டபோது, மாஸ்டர் பொறுமையாக விளக்கினார்: "மைக் இருந்தாத்தானேம்மா அதக் கொறைக்க முடியும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னும் கொஞ்ச நாளில் டிரம்ஸே இல்லாமல் உட்காரச் சொன்னால்கூட, நாற்காலி எங்கே போடணும் என்றுதான் கேட்போம் என்று நினைத்தாள். லேபில் அச்சு ஊற்றும்போது பிளாஸ்டருக்குள் காற்றுக் குமிழி நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. பல்லாகி, வாய்க்குள் போய், ஒரு நாள் எதையாவது கடிக்கும்போதுதான் அங்கே ஒன்றுமில்லை என்று தெரியும். குமிழி போக அச்சைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அதைத் தட்டிக்கொண்டே பல நாள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். மெழுகுக்கத்தியும் ரப்பர் கிண்ணமும் அந்த வாக்கியத்தை மனப்பாடமாகக் கேட்டன. ஒத்திகையின்போது பெட்டியிலிருந்து வெளியே வந்து, மாஸ்டர் முன்னால் நின்று சொன்னாள்.

"மாஸ்டர், எனக்குத் தனியா வாசிக்கக் கொஞ்சம் எடம் வேணும்."

பாடகர் குழு திரும்பிப் பார்த்தது. குழுவில் பாதிப் பேரின் பல் அவள் செய்தது.

"ஜாஸுல எல்லாருக்கும் அப்படி ஒரு எடம் உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்று சேர்த்தாள். தயார் செய்த வாக்கியத்தில் இது இல்லை.

மாஸ்டர் தொப்பியைச் சுற்றினார். சொன்னது சொன்னதுதான். "உண்டுதான். எங்க வைக்கிறது?"

"கடைசிப் பாட்டுல மூணாவது சரணத்துல வைங்க," என்றாள் நாத்தனார். "அதத்தான் யாரும் பாடுறதில்லையே. போனாலும் போவுது."

அண்ணிக்கு ஓர் உபகாரம் செய்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது. டமாரம் பெட்டிக்குள் திரும்பிப்போய், சிரிப்பை மறைக்கத் துண்டைச் சரிசெய்தாள். எல்லா இடத்தையும் விட்டு அந்த இடத்தையா கொடுத்தார்கள். கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணம் அவளுக்கு மனப்பாடம்:

விளக்கணைந்து வீடுறங்க
விழித்திருப்போர் நானும் நீயும்;
வார்த்தையற்ற என் நெஞ்சம்
தட்டும் ஓசை கேளாயோ?

இதை டிரம்ஸில் சொல்ல வேண்டும். வித்தை காட்ட வேண்டாம். ஒவ்வொரு அசைக்கும் ஓர் அடி, மூச்சு விடும் இடத்தில் மூச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. கேட்பவர்களுக்கு வார்த்தை புரியாது. புரியாவிட்டால் பரவாயில்லை. காதில் விழ வேண்டும்.

வீட்டில் தலையணையில் பழகினாள். கணவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். எந்நேரமும் பக்கத்து ஆளின் தவறுக்குத் தயாராக இருந்து இருந்து, சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போதுகூட வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருக்கும். அவள் கை வேகமெடுக்கும்போதெல்லாம் அந்தக் கால் தானாக அழுந்தும்.

"இப்ப யாருக்கு பிரேக் போடுறீங்க?"

"பழக்கம்டி. நீ அடி, நான் உன்ன ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. உங்க கால் சொல்லுது."

கச்சேரி மாலையில் சபை நிரம்பியிருந்தது. ஆரம்பிக்கும் முன் மாஸ்டர் கூட்டத்துக்குக் கைதட்டக் கற்றுக்கொடுத்தார். ஒன்றிலும் மூன்றிலும் தட்டக் கூடாது, இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும்; ஜாஸின் உயிரே அதில்தான் இருக்கிறது. கூட்டம் கவனமாகக் கேட்டு ஒன்றிலும் மூன்றிலும் தட்டியது. மறுபடி விளக்கினார். இந்தத் தடவை பாதிப் பேர் இரண்டில் தட்டினார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். ஓட்டு வீட்டின் மேல் தேங்காய் மட்டை உருளுவது போல் ஒரு சத்தம் வந்தது. கைதட்டாமலே ரசிக்கலாம் என்று அறிவித்துவிட்டார்.

பாட்டு தொடங்கியதும் அடுத்த சிக்கல். பியானோ முதல் வரியை வாசித்தவுடன் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பாமாலை என்றால் நின்றே பழக்கம். "இது கச்சேரி, உக்காந்து கேளுங்க," என்று மாஸ்டர் கெஞ்சினார். உட்கார்ந்தார்கள். ஆனால் கடவுள் பெயர் வரும் இடத்தில் முழங்கால் தானாக நிமிர, பாதி எழுந்து, ஞாபகம் வந்து, உட்கார்ந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு போதகர் ஒரு ஜெபம் வைத்திருந்ததால் மாஸ்டரின் தொப்பி ஏறி ஏறி இறங்கியது. டூபாடூ பாடும்போது அவருடைய மேல் பல் செட் அரை நொடி தாமதமாக வந்தது. தளர்ந்திருக்கிறது, லேபுக்கு வாருங்கள் என்று டமாரம் முன்பே சொல்லியிருந்தாள். "ஜாஸுக்குக் கொஞ்சம் தளர்வு வேணும்மா" என்று சொல்லி வராமல் இருந்துவிட்டார்.

மீன்தொட்டிக்குள் உட்கார்ந்து அவள் துண்டின் மேல் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே கேட்கவில்லை. கடைசிப் பாட்டுக்காகக் குச்சிகளை முழங்காலுக்கு அருகில் வைத்திருந்தாள்.

கடைசிப் பாட்டு எல்லாருக்கும் பிடித்தது. கல்யாணத்துக்கும் பாடுவார்கள், சாவுக்கும் பாடுவார்கள். இந்தத் தடவை யார் சொல்லியும் கேட்காமல் கூட்டம் எழுந்து நின்று சேர்ந்து பாடியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. பாடகர் குழு ஒத்திகைப்படி வாயை மூடியது. டமாரம் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்து ஓங்கினாள்.

கூட்டம் நான்காவது சரணத்தை ஆரம்பித்தது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டுக்குப் பிறகு நான்கு. வாய் தானாகப் போனது. பியானோ ஒரு கணம் தடுமாறிக் கூட்டத்தின் பின்னால் ஓடியது. மாஸ்டர் கையைத் தூக்கினார். போதகரிடம் சொன்ன அந்தச் சைகையைக் காட்டத்தான் தூக்கினார். அந்தக் கை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக இந்த இடத்தில் நான்கு விரலைக் காட்டிப் பழகிய கை. நான்கு விரலைக் காட்டியது. குழுவும் சேர்ந்துகொண்டது. சபை முழுவதும் ஆனந்தமாக மோட்சத்துக்குள் நுழைந்தது.

டமாரம் ஓங்கிய குச்சியை மெதுவாக இறக்கி மடியில் வைத்தாள். கூட வாசிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நிறுத்தினால் யாருக்காவது தெரியுமா என்ற கேள்வி அவளுக்குள் வெகுநாளாக இருந்தது. கேட்டுப் பார்க்கத் துணிச்சல் வந்ததில்லை. இப்போது பதில் தெரிந்தது. ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது ஒரு விதமான லேசு, பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்த் தொடும்போது இருக்குமே, அது.

ஆமென் பாடி முடித்தார்கள். தொப்பி இறங்கியது. போதகர் மைக் முன்னால் வந்து, "ஆசீர்வாதத்துக்கு முன்னால சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார். எல்லாத் தலைகளும் குனிந்தன. எல்லாக் கண்களும் மூடின.

இந்த மௌன ஜெபத்துக்கு அந்தச் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போதகர் ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை நாத்தனார், ஜெபத்தில் யாரோ ஒருத்தி கண்ணைத் திறந்து பக்கத்துப் புடவையைப் பார்த்தாள் என்று போதகரிடம் புகார் சொன்னாள். "நீங்க எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டார் போதகர். அதிலிருந்து அந்தச் சபையில் யார் எதைப் பார்த்தாலும் பார்க்கவில்லை.

டமாரம் அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்தாள். அவள் சபைக்கு வந்த நாளிலிருந்து இந்த இடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. துண்டைப் பிடித்து இழுத்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது. குச்சியின் நுனியால், மூடிய கதவை விரல் முட்டியால் தட்டுவது போல், தொடங்கினாள்.

விளக்கணைந்து வீடுறங்க.

முதல் வரியில் பல தலைகள் துள்ளின. ஒன்றும் நிமிரவில்லை. அவளை நிறுத்த வேண்டுமானால் யாராவது கண்ணைத் திறந்தாக வேண்டும். கண்ணைத் திறந்தவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர் இது போதகரின் ஏற்பாடு என்று நினைத்தார். போதகர் இது மாஸ்டரின் ஏற்பாடு என்று நினைத்து, ஆமென் சொல்லத் திறந்த வாயை மரியாதையாக மூடிக்கொண்டார். மைக்கைக் குறைக்க வேண்டியவரும் நல்ல விசுவாசி; கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தடவியவர் அதைத் தவறான பக்கம் திருப்பினார்.

விழித்திருப்போர் நானும் நீயும். அங்கே மூச்சு விட வேண்டும். விட்டாள். காலால் பெரிய டிரம்மை ஒரு தடவை தொட்டாள். அது பெஞ்சுகளின் அடியில் போய்ப் பரவுவது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் வாசித்ததெல்லாம் மற்றவர்கள் பாட்டுக்குக் கீழே விரித்த பாய். இது முதல் தடவையாகத் தன் வாய் திறந்து பேசுவது போல இருந்தது. தன் குரல் இவ்வளவு தாழ்ந்த குரலா என்று ஆச்சரியமாக இருந்தது. உரக்கக் கத்துவோம் என்றல்லவா நினைத்திருந்தாள். கத்த வேண்டியதெல்லாம் எங்கே போனது?

வார்த்தையற்ற என் நெஞ்சம். அப்போதுதான் கீழே பார்த்தாள். கண்ணைத் திறந்திருப்பவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். முதல் வரிசையில் ஒரு செருப்பு முனை எழும்பித் தாழ்ந்தது. பக்கத்தில் ஒரு ஷூ. இரண்டாவது வரிசையில் வரிசையாக. இரண்டிலும் நான்கிலும், துல்லியமாக இரண்டிலும் நான்கிலும். கையால் தட்டச் சொன்னபோது வராத தாளம், யாரும் பார்க்கவில்லை என்றதும் காலுக்கு வந்திருந்தது. போதகரின் அங்கி விளிம்பு லேசாக அசைந்தது. அவருடைய காலாக இருக்காது, காற்றாக இருக்கும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு கடைசி வரியைத் தட்டினாள். ஓசை கேளாயோ. குச்சியைத் தூக்கி, அப்படியே நிறுத்தினாள்.

போதகர் தொண்டையைச் செருமி, "ஆமென்" என்றார்.

வெளியே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கச்சேரி ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். மீன்தொட்டிக்காரர் மட்டும், தகடு இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கலாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி ஜெபத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, ரத்த அழுத்தமாக இருக்குமோ என்று ஓர் அம்மா கவலைப்பட்டாள். மாஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சில விஷயங்களைச் சொல்லிக் கொடுக்க முடியாது, உள்ளேயிருந்து வர வேண்டும் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கணவன் ஓட்டினார். டமாரம் பக்கத்தில், வழக்கமாக அவர் உட்காரும் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. நாத்தனார் பின்னால். சிக்னலில் நின்றபோது கணவன், "உன் சரணத்த முழுங்கிட்டானுங்களேன்னு நெனச்சேன்," என்றார்.

"நானும்தான்."

"அப்புறம் என் கால் பிரேக்கத் தேடுச்சு. பெஞ்சுக்கடியில பிரேக் ஏது? தேடித் தேடி ஆடிட்டே இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா என்று கண்ணாடியில் தெரியவில்லை.

பின்னாலிருந்து நாத்தனார், வெகுநேரமாக அடக்கி வைத்திருந்ததை விட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் கண்ண மூடுனவ, ஆமென்னு சொல்றவரைக்கும் தொறக்கல. ஆனா ஒண்ணு அண்ணி, புதுத் துண்டு அது. கீழ போட்டதுகூடப் பரவாயில்ல, அது மேலயே கால வெச்சு மிதிச்சீங்களே."

காருக்குள் ஒரு மௌனம் விழுந்தது. ஜெப நேரத்து மௌனம் போலவே இருந்தது.

"தொவைச்சுத் தரேன்," என்றாள் டமாரம்.

சிக்னல் மாறியது. கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைக் குலுக்கி எடுத்தார், பாடம் படிக்க வந்தவன் எடுப்பது போல. வேறு நாளாக இருந்தால் அவள் கால் அந்தப் பிரேக்கை அமுக்கியிருக்கும். இன்று அந்தக் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையில், இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டிருந்தது.